நானூற்றுப் பதினாறு பேர் பார்த்த நடை

என் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் எழுந்து நடந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். நீலக்கட்டம் போட்ட லுங்கி, வெள்ளை பனியன், நெற்றியில் திருநீறு. நாலு அடி எடுத்து வைப்பார். கடைசி அடியில் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார். யாரோ ஒரு புண்ணியவான் பின்னணியில் உருக்கமான பாட்டு ஒன்றைச் சேர்த்துவிட்டிருக்கிறான். 'பக்கவாதத்தை நாலே மாதத்தில் வென்ற லாரி டிரைவர்' என்று மேலே மஞ்சள் எழுத்தில் ஓடும். அந்த வீடியோவில் நானும் இருக்கிறேன். தேடாதீர்கள், தெரியமாட்டேன்.

பங்குனி மாதம் நாக்பூரில் லோடு இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குக் கையிலிருந்த டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இருபத்துநாலு வருடம் வடநாட்டு லைனில் வண்டி ஓட்டிய மனுஷன், இடது கையும் இடது காலும் விழுந்துபோய் ஆம்புலன்ஸில் சங்ககிரி வந்து சேர்ந்தார். பேச்சு மட்டும் தப்பியது. அதுவும் போயிருந்தால் தேவலை என்று பிற்பாடு நான் நினைத்த நாட்கள் உண்டு. கடவுள் மன்னிக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் சத்யபிரியா மேடம் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆறு மாசம்தான்க்கா. அதுக்குள்ள வர்றது வேகமா வரும். அதுக்கப்புறம் மலையப் பொரட்டுற மாதிரி," என்றார். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி. வீட்டில் காலையில் முக்கால் மணி நேரம், சாயந்திரம் முக்கால் மணி நேரம். குதிகாலைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும், இருநூறு தடவை. சோம்பல்பட்டால் கெண்டைக்கால் நரம்பு சுருங்கிக் குதிகால் மேலே தூக்கிக்கொள்ளும், அப்புறம் பாதம் தரையில் படியாது. எல்லாவற்றையும் எங்கள் மகள் யுவஸ்ரீயின் பிளஸ் டூ நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

லாரி முதலாளி தனசேகர் வந்து பார்த்தார். ஸ்டியரிங் இனிமேல் வேண்டாம், தானாக நடந்து ஆபீஸ் படியேறி வந்துவிட்டால் போதும், லோடு புக்கிங்கில் உட்கார வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். ஆக எங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த நடை ஒன்றுதான்.

முதல் நாற்பது நாள் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். பயிற்சி என்றால் எரிந்து விழுவார். நாற்பதாம் நாள் காலையில் இடது கை ஆட்காட்டி விரல் அரை அங்குலம் அசைந்தது. நான் அழுதேன். அவர் அழவில்லை, "இதைப் புடி, வீடியோ புடி," என்று போனைக் காட்டினார். பிடித்தேன். அவருடைய வாட்ஸ்அப்பில் சங்ககிரி டிரைவர்கள் குரூப் ஒன்று உண்டு. மொத்தம் நானூற்றுப் பதினாறு பேர். அதில் போட்டார்.

கௌஹாத்தியிலிருந்தும் காண்ட்லாவிலிருந்தும் குரல் வந்தது. வண்டி ஓடும் இரைச்சலுக்கு நடுவே ஆளாளுக்கு, "அண்ணா, சிங்கம்ணா நீ," என்றார்கள். கைதட்டல் பொம்மைகள் எண்ணி முடியவில்லை. அன்றைக்கு என் வீட்டுக்காரர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். மாத்திரையால் ஆகாததைப் போன் செய்துவிட்டது என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ரேஷன் கடை வரிசையில் இரண்டு பெண்கள் விசாரித்தபோது எனக்கே தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அதை மறைப்பானேன்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு வீடியோ வேண்டியதாயிற்று. உடம்பு அப்படி தினம் ஒரு புதுமை காட்டுமா? விரல் அசைந்த பிறகு பத்து நாள் ஒன்றுமே நடக்காது. உள்ளே என்னவோ நடக்கும், வெளியே தெரியாது. குதிகால் அழுத்தும் பயிற்சி பார்ப்பதற்கு ஒரு மண்ணும் இல்லை. ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்து காலை அமுக்கிக்கொண்டே இருப்பான், அவ்வளவுதான். செய்யுங்கள் என்று நான் கெஞ்சினால், "இதெல்லாம் வீடியோல எடுபடாது புள்ள," என்பார். எடுபடுகிறதை மட்டும் செய்தார். கையைத் தலைக்கு மேல் தூக்குவது எடுபட்டது. பந்தைப் பிடிப்பது எடுபட்டது. கால் எடுபடவில்லை.

மூன்றாம் மாதம் நான் பள்ளிபாளையம் மில்லுக்குத் திரும்ப வேலைக்குப் போனேன். காலை ஏழு மணிக்கு வேன் வரும். கிளம்பும்போது நாற்காலியில் போனோடு இருப்பார், ஆறு மணிக்குத் திரும்பி வந்தால் அதே நாற்காலியில் அதே போனோடு இருப்பார். யார் என்ன சொன்னார்கள், யார் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான், எல்லாம் எனக்கு ஒப்பிப்பார். பக்கவாதம் வந்த வேறு ஊர்க்காரர்களும் அவர் நம்பரை வாங்கிப் பேச ஆரம்பித்தார்கள். அவர்களுக்கெல்லாம் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். குதிகாலை இருநூறு தடவை அழுத்தச் சொன்னார். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆடி மாதம் குரூப்பை நடத்தும் பூபதி, மாதேசண்ணன் எப்போது நடப்பார் என்று எல்லோரும் கேட்கிறார்கள் என்று குரல் அனுப்பினான். நல்லெண்ணத்தோடுதான் கேட்டான். அதற்குள் அவருக்கு நாலு கால் குச்சி பிடித்து வாசல் வரை வரத் தெரிந்திருந்தது. அந்த மாதத்திலிருந்து குச்சியோடு ரோட்டில் நடக்கப் பழக வேண்டும், பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்ப வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். குச்சியோடு நடப்பதைப் போட்டால் போதாதா என்று கேட்டேன். குச்சி பிடித்தால் கிழவன் மாதிரி இருக்கும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தோம். யுவஸ்ரீ எதிரே போனோடு நின்றாள். குச்சியைக் கதவுக்குப் பின்னால் வைத்தாகிவிட்டது. லுங்கிக்கு மேல் இடுப்பில் அவருடைய பெல்ட்டைக் கட்டி, பனியனை இழுத்துவிட்டு, நான் பின்னால் குனிந்து அந்தப் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் அகலமான ஆள், நான் ஒடிசல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், மறைக்க முடிகிறது. மூன்று தடவை எடுத்ததில் என் முந்தானை தெரிந்துவிட்டது. நாலாவது தடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் எடையில் பாதியைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நான்தான் நடந்தேன். யுவஸ்ரீ போனை இறக்கிவிட்டு, "இது பொய்தானப்பா," என்றாள். "அடுத்த மாசம் நெசமாயிரும் சாமி," என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு மாதம் முன்கூட்டியே சொல்லிக்கொள்கிறோம், அதிலென்ன தப்பு என்று நினைத்தேன்.

அந்த வீடியோ குரூப்பைத் தாண்டி எங்கெங்கோ போனது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். ஆட்டோ வந்து நின்றது. அவர் குச்சியைப் பார்த்தார், வெளியே ரோட்டைப் பார்த்தார். எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டியது. போகிற வண்டியில் பாதி தெரிந்த வண்டி, பேரைச் சொல்லி ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். இன்றைக்கு உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லி ஆட்டோவைத் திருப்பி அனுப்பினார். அதோடு சரி. அதற்குப் பிறகு நாலு மாதம் அவர் வாசலைத் தாண்டவில்லை.

நடக்கிறவனைப் போல நடிக்க வேண்டுமென்றால் ஒருவர் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இதை நாங்கள் முதலில் யோசிக்கவில்லை. சிநேகிதர்கள் பார்க்க வந்தால், கால்மேல் கால் தூக்கிவைத்து உட்கார வைப்பேன். இப்போதுதான் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார் என்று வாய் கூசாமல் சொல்வேன். வேறு ஊரில் யாருக்கும் தெரியாத பிசியோதெரபிக்காரரைப் பார்க்கலாம் என்று யோசித்தேன். நாமக்கல்லா, திருச்செங்கோடா, எங்கே போவது? இந்தப் பக்கத்தில் லாரிக்காரன் கண் படாத இடம் தேடுவது, மீன் மார்க்கெட்டில் வாடையில்லாத மூலை தேடுவது போலத்தான். சத்யபிரியா மேடத்தை வீட்டுக்கு வரச் சொல்லலாமா என்றால், மேடம் முகத்தில் எப்படி விழிப்பது என்றார் இவர்.

ஆவணியில் தனசேகர் போன் செய்தார். வீடியோ பார்த்தாராம், சந்தோஷமாம், வருகிற திங்கட்கிழமை வந்து புக்கிங்கில் உட்காரச் சொன்னார். டாக்டர் இன்னும் ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று இவர் அளந்தார். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டபோது மறுபடி ஒரு மாதம். நடக்கிறவனுக்கு வேலைக்கு வர மட்டும் வலிக்கிறதா என்று தனசேகர் பூபதியிடம் கேட்டிருக்கிறார். புரட்டாசியில் அந்த புக்கிங் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

அந்த வாரம் பிரஷர் மாத்திரை வாங்க நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சத்யபிரியா மேடம் வராந்தாவில் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "பின்னால புடிச்சிருந்தது நீங்கதானேக்கா?" என்று மெல்லக் கேட்டார். யாரோ அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். இடது குதிகால் ஒரு தடவைகூடத் தரையில் படவில்லை, அப்படி ஒரு ஆள் தானாக நிற்கவே முடியாது என்றார். "ஆறு மாசம் முடியப்போகுது. இப்ப கூட்டிட்டு வந்தீங்கன்னாகூட ஏதாச்சும் பண்ணலாம்க்கா."

வீட்டுக்கு வந்து அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். அந்தக் காலைத்தான். பாதம் கீழ்நோக்கி வளைந்து விறைத்துக் கிடந்தது. "குச்சியோட போனா எம்மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்கறது? நானூத்திப் பதனாறு பேரு பாத்திருக்கறான்," என்றார். அந்த நானூற்றுப் பதினாறு பேரா வந்து உங்களைக் கழுவி விடுகிறார்கள் என்று கத்தினேன். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். நான் பயந்துபோய் அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி. எருமப்பட்டியிலிருந்து அர்த்தநாரி என்று ஒருவர், மனைவி செல்லியம்மாளோடு எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். விவசாயம் பார்க்கிற குடும்பம். அவருக்கும் இவரைப் போலவே இடது பக்கம், இவருக்கு ஒரு மாதம் பிந்தி வந்தது. எருமப்பட்டியிலிருந்து நாமக்கல், அங்கிருந்து திருச்செங்கோடு, அங்கிருந்து சங்ககிரி என்று மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். அர்த்தநாரி நாலு கால் குச்சியை ஊன்றி எங்கள் மூன்று படியையும் தானாக ஏறினார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் அழகாகத் தரையில் படிந்து எழுந்தது. என் வயிறு எரிந்தது.

எங்களவர் வழக்கம்போல நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று பஸ் மாறி வந்தவர் வாசலுக்கு வர முடியாதவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். செல்லியம்மாள் புருஷனைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தாள். ஊர் ரோட்டில் தினமும் நடக்கிறாராம், ஆனாலும் குச்சியை விட மாட்டேன் என்கிறாராம். அந்த அண்ணன் நாலு மாதத்தில் குச்சியை வீசிவிட்டார், உனக்கு என்ன கேடு என்று தினமும் வீடியோவைப் போட்டுக்காட்டித் திட்டுவாளாம். போன மாதம் குச்சியை எடுத்துப் பரண்மேல் அட்டாலியில் ஒளித்து வைத்துவிட்டாளாம். குச்சி இல்லாமல் எழுந்தவர் துவைக்கிற கல்லில் போய் விழுந்திருக்கிறார். புருவத்தில் ஏழு தையல். சொல்லும்போதே அவள் அழுதாள். அந்தத் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"நீங்க ஒருக்கா நடந்து காட்டுங்கண்ணா," என்று அர்த்தநாரி சிரித்துக்கொண்டே கேட்டார். "நேர்ல பாத்துட்டா எனக்கும் தெகிரியம் வந்துரும்."

எங்களவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஏதாவது ஒரு பொய்யை எடுத்து விடு என்று அர்த்தம். இதுநாள் வரை ஒரு தடவையும் தவறாமல் எடுத்து விட்டிருக்கிறேன். அந்த ஏழு தையலைப் பார்த்துக்கொண்டு எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

"அவரு நடக்கலீங்க," என்றேன். "நாந்தான் பொறத்தால பெல்ட்டப் புடிச்சுத் தூக்கிட்டு நின்னேன். வீடியோல நான் தெரிய மாட்டேன். இவரு வாசலத் தாண்டி நாலு மாசமாச்சுங்க."

செல்லியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார். டீ வைக்கிறேன் என்று சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். படியிறங்கும்போது செல்லியம்மாள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டுக் குச்சியை ஊன்றித் தானாக இறங்கினார்.

அதன் பிறகு என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. எருமப்பட்டிக்காரர் விஷயத்தை வெளியே சொல்லிவிடுவார், குரூப்பில் நாறப்போகிறது என்று போனை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டார். மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. அர்த்தநாரி யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாலாம் நாள் நான் மில்லிலிருந்து வந்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். போனை வாயருகே வைத்து அவரே பேசினார்.

"மாதேசன் பேசறனுங்க. ஆடி மாசம் போட்ட வீடியோ பொய்யிங்க. என்ற சம்சாரம் பொறத்தால புடிச்சிருந்தா. என்னால இன்னும் நடக்க முடியாதுங்க. தப்புப் பண்ணிப்போட்டேன், மன்னிச்சுக்குங்க."

இருபத்துநாலு வருடமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறேன். அவர் மன்னிப்புக் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கண் கலங்கிவிட்டது. காறித் துப்பட்டும், எத்தனை பேர் துப்பினாலும் துடைத்துக்கொள்ளலாம், விடிந்ததும் ரோட்டில் இறங்கி நடக்கலாம் என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் ஒருவன் கைதட்டல் பொம்மை போட்டான். கேட்காமலே போட்டிருப்பான். அடுத்து பதினொரு பேர் கும்பிடு போட்டார்கள். பூபதி, 'பரவால்லண்ணா, உடம்பப் பாத்துக்க' என்று எழுதினான். அதற்குக் கீழே இந்தூரிலிருந்து ஒருவன் ரிட்டர்ன் லோடு இருக்கிறதா என்று கேட்டிருந்தான். அதற்கு ஏழெட்டுப் பேர் பதில் சொன்னார்கள். பிறகு டோல்கேட்டில் நடந்த ஒரு சண்டை வந்தது. அதில் நாற்பது பேர் பேசினார்கள். என் வீட்டுக்காரர் பெருவிரலால் மேலே தள்ளித் தள்ளித் தன் குரலைத் தேடினார். அது அரை மணி நேரத்தில் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போயிருந்தது. "அவ்வளவுதானா?" என்றார். துப்புவதற்குக்கூட ஒருவனுக்கும் நேரமில்லை.

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சத்யபிரியா மேடம் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தார். இரண்டு கையாலும் தள்ளினார். அது மரம் மாதிரி நின்றது. சுருங்கிவிட்டது, இனிக் குதிகால் உயர்த்திய செருப்பும் கணுக்காலுக்குப் பட்டையும் போட்டுக் குச்சியோடு வீட்டுக்குள்ளே, மிஞ்சினால் ரோட்டோரம் வரை நடக்கலாம், படியேறுவதை மறந்துவிடுங்கள் என்றார். ஆபரேஷனுக்கு எழுதித் தரலாம், அதிலும் பாதிதான் கிடைக்கும் என்றார். நவம்பரில் வந்தவர் ஜூலையிலேயே வந்திருக்கக் கூடாதா என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துச் செருப்பு தயாராகி வந்தது. முதல் முறையாக ரோட்டோரம் வரை நடந்து வந்தோம். அவர் குச்சியை ஊன்றி நின்றார், நான் பக்கத்தில் நின்றேன். சிமெண்டு லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. எதிரே வந்த வண்டியில் அவரோடு பன்னிரண்டு வருடம் லைன் ஓட்டிய ஆள் இருந்தார். குச்சியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், எப்போதும் போலக் கையைத் தூக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அடுத்த வண்டிக்காரன் அதுகூட இல்லை, போனில் பேசிக்கொண்டு போனான்.

"இவனுகளுக்காவா வசந்தா நான் உள்ளயே கெடந்தேன்?" என்றார்.

"ஆமாங்க," என்றேன். "இவங்களுக்காவத்தான்."

திரும்பினோம். வாசலுக்கு முப்பது அடி இருக்கும், வந்து சேரக் கால் மணி நேரம் ஆனது. மூன்று படியிலும் நான் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.